பாலில் கலக்காத செந்தூரம்

தியேட்டரில் விளக்கு அணைந்தபோது என் இடப்பக்கம் தனபாக்கியம் அண்ணி, வலப்பக்கம் காஜா பாய், நடுவில் நான். இந்த இடத்தை நான் கேட்டு வாங்கவில்லை. டிக்கெட் எடுத்தது அண்ணி. "மூணு பேரும் ஒண்ணா உக்காந்து அவரைப் பாக்கணும், வந்துடுங்க தம்பி" என்று போனில் சொன்னபோது மறுக்க வாய் வரவில்லை.

மதியக் காட்சி. ஏசி குளிருக்கு அண்ணி தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். காஜா பாயிடமிருந்து அத்தர் வாசனை வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, மனிதர் அத்தரை மாற்றவேயில்லை.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் புரட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. துறையூர் சபாபதி என்று ஒரு பாடகர் இருந்தார். கோயில் திருவிழா மேடைகளில் பக்திப் பாட்டுப் பாடுகிறவர். அவருக்கு நான் ஆர்மோனியம், காஜா பாய் தபேலா. பகலில் எனக்குக் கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலை, சாயங்காலம் ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேடை. எங்களுக்கு அவர் அண்ணன், அவர் மனைவி அண்ணி. அண்ணன் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போது சென்னையிலிருந்து ஓர் இளம் இயக்குநர் வந்து அவர் வாழ்க்கையைப் படமாக எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தின் டிரெய்லரை என் பேத்தி போனில் காட்டினாள். மூன்று விநாடி ஒரு டம்ளர் பால் வருகிறது. அதில் ஒரு சிட்டிகை சிவப்பு விழுந்து கரைகிறது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாடுகிறவனுக்குப் பாலில் செந்தூரம் கலந்து கொடுத்தால் குரல் போய்விடும் என்று எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை, எல்லோரும் நம்புவார்கள். அண்ணனுக்கு ஒருநாள் ஸ்ரீரங்கத்து மேடையில் குரல் போனது. செந்தூரப் பால்தான் காரணம் என்று ஊர் பேசியது. அந்தப் பேச்சை முதலில் பேசிய வாய் என்னுடையது. அது பொய் என்று தெரிந்தவனும் நான்தான். அந்தப் பாலைக் கொண்டுவந்து கொடுத்தவர், இதோ என் வலப்பக்கம் அத்தர் மணக்க உட்கார்ந்திருக்கிறார்.

துறையூருக்கு ஒரு ரயில்

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. சட்டைப் பையில் சின்ன நோட்டும் பேனாவும் கொண்டுபோயிருந்தேன். படத்தில் வரும் தப்புகளையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து இந்தத் தொடரில் கிழி கிழியென்று கிழித்துவிடுவது. படம் முழுக்கப் பொய் என்று ஊர் சிரித்துவிட்டால், அந்த டம்ளர் பாலும் அந்தப் பொய்களோடு ஒன்றாகப் போய்விடும். காஜா பாயும் "சினிமாக்காரன் கட்டினது" என்று துடைத்துப் போட்டுவிடுவார். நானும் நிம்மதியாகச் சாவேன். இப்படி ஒரு கணக்கு.

தப்புக்கும் பஞ்சமில்லை. முதல் காட்சியிலேயே சிறுவன் சபாபதி ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறான். அண்ணன் சிறுவனாக இருந்தபோது அது கட்டி முடிக்காத மொட்டைக் கோபுரம். காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சாதகம் பண்ணுகிறார். நிஜ அண்ணனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். கணுக்கால் நனைந்தாலே "போதும்டா, ஏறு ஏறு" என்பார். என் வேடத்தில் வந்த பையனோ நேர்மாறாக வலது கையால் ஆர்மோனியத் துருத்தியை அசைத்து இடது கையால் வாசிக்கிறான். முடி வேறு அவ்வளவு அடர்த்தி. எனக்கு அந்தக் காலத்திலேயே முன்மண்டை பளபளக்கும்.

அண்ணி மாடியில் நின்று முதன்முதலாக அவரைப் பார்ப்பது போல் ஒரு காட்சி. அண்ணி என் காதருகே, "எங்க வீட்டுக்கு மாடியே கிடையாது தம்பி" என்றார். சொன்னாரே தவிர முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் வந்தது பாருங்கள், ரயில். அண்ணன் சென்னைக்குக் கிளம்புகிறார், துறையூர் ரயில் நிலையத்தில் அண்ணி பிளாட்பாரத்தில் ஓடிவருகிறார். துறையூருக்கு ஏது ரயில்? பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், "யோவ், எங்க ஊருக்கு எப்பய்யா ரயில் விட்டீங்க?" என்று கத்தினான். தியேட்டரே சிரித்தது. நானும் நோட்டை எடுத்தேன்.

எடுத்தவன் எழுதவில்லை. ரயில் நகர்ந்தபோது அந்த நடிகர் ஜன்னலோரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது கால் கட்டைவிரலால் தரையைச் சுரண்டினார். அண்ணன் பாடத் தொடங்கும் முன் மேடை ஜமுக்காளத்தை அப்படித்தான் சுரண்டுவார். இதை யார் அவருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்? இல்லாத ரயிலில் உட்கார்ந்து என் அண்ணன் போகிறார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, நன்றாகவும் இருந்தது.

அதன் பிறகு நோட்டை மூடிவிட்டேன். படம் பிடித்துப்போய்விட்டது, என்ன செய்ய? வீட்டுச் சாம்பாரிலேயே உப்புக் குறை சொல்கிற ஆள் நான். என் மனைவியைக் கேளுங்கள். இந்தப் படத்தில் மட்டும் ஒவ்வொரு தப்பையும் பார்த்துக்கொண்டே அடுத்த காட்சிக்கு ஏங்கினேன்.

பக்கத்தில் காஜா பாயும் அப்படித்தான் இருந்தார். தன் வேடத்தில் நடித்தவன் தபேலாவை இடம் வலம் மாற்றி வைத்திருந்ததைப் பார்த்து, "கிறுக்குப் பய" என்று சிரித்தார். பால் இன்னும் வரவில்லை.

ஒரு தட்டு

நிஜத்தில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வாரமாக இதைத் தாண்டித் தாண்டியே எழுதி வந்திருக்கிறேன். படக்குழு என்னைத் தேடி வந்தபோதுகூடக் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவன் நான். அவர்கள் துறையூரில் நாலு பேரைக் கேட்டு எடுத்துக்கொண்டு போனார்கள்.

கட்டை என்பது பாடுகிறவர் நிற்கிற சுருதி. அண்ணனுக்கு ஐந்து கட்டை. தொண்டை சரியில்லாத நாளில் அரைக்கட்டை இறக்கிக்கொள்வார். அதற்கு எங்களுக்குள் ஒரு சங்கேதம் உண்டு. பாட்டு எடுக்கும் முன் என் பெட்டியின் பக்கப் பலகையில் மோதிர விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். அரை இறக்கு என்று அர்த்தம். நான் சுருதியை மாற்றிப் பிடிப்பேன். அதைக் கேட்டு, அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் காஜா பாய் சுத்தியலால் தபேலாவை இறக்கிச் சேர்த்துக்கொள்வார். அந்தத் தட்டு எனக்கு மட்டும்தான் கேட்கும். நான் மாற்றாவிட்டால் யாரும் மாற மாட்டார்கள்.

அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு வீதியில் மேடை. திருவிழாக் கூட்டம். அண்ணனுக்கு இரண்டு நாளாகச் சளி. வழக்கம்போலக் காஜா பாய் மிளகு போட்ட பால் கொண்டுவந்து கொடுத்தார், அண்ணன் குடித்தார், மேடை ஏறினோம்.

நான் அன்று கொதித்துக்கொண்டிருந்தேன். சென்னையில் கேசட் பதிவுக்கு என்னை விட்டுவிட்டுக் கீபோர்டு வாசிக்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறார் அண்ணன் என்று முதல் நாள்தான் வேறொருவர் சொல்லிக் காதில் விழுந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன். பத்து வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் நான்.

அண்ணன் கால் கட்டைவிரலால் ஜமுக்காளத்தைச் சுரண்டினார். பெட்டியில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குக் கேட்டது. நன்றாகக் கேட்டது.

நான் ஐந்து கட்டையிலேயே பிடித்தேன். கொஞ்சம் திணறட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அண்ணன் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் மைக் முன்னால் கூட்டம் கைதட்டத் தொடங்கிவிட்டது. பாட்டு எடுத்துவிட்டார்.

மேல் ஸ்தாயிக்குப் போன இடத்தில் குரல் கிழிந்தது. மைக்கில் வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றார், அதுவும் வரவில்லை. விழா நடத்திய பெரியவர் மேடைக்கு வந்து, "ஸ்வாமி, சிரமப்பட்டுக்க வேண்டாம். பெருமாள் திருவுள்ளம் இன்னிக்கு இப்படி இருக்கு. இன்னொரு நாள் கேட்டுக்கறோம்" என்று கைகூப்பினார். அந்த மரியாதையில் அண்ணன் கூனிப்போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் யாரோ என்னைப் பார்த்து, "சுருதியை ஏத்திப் பிடிச்சிட்டீங்களா?" என்று கேட்டார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அண்ணன் குடித்த டம்ளர் அங்கேயே இருந்தது. அடியில் பழுப்பாக ஏதோ வண்டல். அதைத் தூக்கிக் காட்டி, "சுருதியெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. பால்ல என்னமோ கலந்திருக்காங்க. செந்தூரமா இருக்கும்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் காஜா பாயை நினைத்துச் சொல்லவில்லை. போட்டிக் குழுக்காரர்கள் தலையில் கட்டுவதாக நினைத்தேன். ஆனால் அறையில் இருந்த அத்தனை கண்ணும் பால் கொண்டுவந்தவர் பக்கம் திரும்பியது. காஜா பாய் வெளிறிப்போய் நின்றார். "நான் ஒண்ணும் கலக்கல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று நான் யோசிக்கவும் இல்லை. தப்பித்தோம் என்றிருந்தது எனக்கு.

மறுநாள் காலை அண்ணன் கிசுகிசுத்த குரலில், "தட்டினேனே மூர்த்தி, கேக்கலையா?" என்றார். "வீதியில மேளச் சத்தம்ணே, ஒண்ணும் கேக்கல" என்றேன். நம்பிவிட்டார். ஒரு வருடம் அவர் பாடவில்லை. பிறகு பாடினார், ஆனால் ஐந்து கட்டையைத் தொடவேயில்லை. காஜா பாய் அதற்குள் குவைத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து பாலக்கரையில் குடியிருந்தும், அண்ணன் சாவுக்குக்கூட வரவில்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளை

படத்தில் பால் வந்தது. ஒரு வில்லப் பாடகர் செந்தூரத்தைக் கலக்கிறார், தபேலாக்காரர் விவரம் தெரியாமல் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறார். இயக்குநர் காஜா பாய்க்கு நல்லதுதான் செய்திருந்தார். அண்ணனின் குரல் உடைந்ததும் திரை இருண்டு "இடைவேளை" என்று விழுந்தது. விளக்கு எரிந்தது.

காஜா பாய் எழுந்து நின்றார். "நான் கிளம்புறேன் மூர்த்தி. அண்ணிகிட்ட சொல்லிடு" என்று அண்ணியின் முகத்தைப் பார்க்காமலேயே நடந்துவிட்டார்.

அண்ணி என் கையைப் பிடித்தார். "போய்க் கூட்டிட்டு வாங்க தம்பி. அவருக்கு இவர் மேல கோவமே கிடையாது. கடைசி வரைக்கும் காஜா எங்கன்னுதான் கேட்டாரு. போங்க."

பாப்கார்ன் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிப் படிக்கட்டில் பிடித்தேன். "என்ன பாய் இது? வெறும் படம். துறையூருக்கு ரயில் விட்ட ஆளுங்க. அவங்க சொல்றதையெல்லாம் மனசுல போட்டுக்கலாமா?" அந்த நிலைமையிலும் என் திட்டத்தைத்தான் நான் வாசித்தேன் பாருங்கள்.

"ரயில் பொய்தான் மூர்த்தி" என்றார். "பால் பொய் இல்லையே."

"பாய்..."

"இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல. உன்கிட்ட சொல்றேன். அன்னிக்கு அண்ணனுக்குத் தொண்டை சரியில்லன்னு பெரிய கடை வீதியில நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். அதிமதுரப் பொடி கேட்டேன். ஒரே கூட்டம். கடைக்காரர் ஒரு பொட்டலத்தைத் தூக்கிப் போட்டாரு. நான் மோந்துகூடப் பாக்கல, பால்ல கொட்டிக் கலக்கிட்டேன். சொன்னா அண்ணன் வேணாம்பாருன்னு அவர்கிட்டயும் சொல்லல. பொட்டலம் மாறிப்போச்சு. அதுல என்ன எழவு இருந்துச்சோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நீ டம்ளரைத் தூக்கிக் காட்டினப்ப எனக்கு உசிரே போயிடுச்சு. கண்டுபிடிச்சிட்டான்னு நினைச்சேன்."

அடியில் படிந்திருந்த அந்தப் பழுப்பு வண்டல் எனக்கு ஞாபகம் வந்தது. அதிமதுரம். தொண்டைக்கு நல்லது என்று எந்த வீட்டிலும் கொடுக்கிற அதிமதுரம்.

உள்ளே மணி அடித்தது. கூட்டம் திரும்பத் தொடங்கியது. அப்போது என் மனதில் ஓடியதையும் எழுதிவிடுகிறேன். சும்மா இருந்துவிடலாமா என்று யோசித்தேன். அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். அண்ணன் இல்லை. அந்தத் தட்டைக் கேட்ட காது உலகத்தில் என்னுடையது மட்டும்தான். "விடுங்க பாய், வேணும்னா செஞ்சீங்க?" என்று ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரிய மனுஷன் ஆகிவிடலாம்.

படிக்கட்டுக் கைப்பிடியில் மோதிர விரலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

"இது என்னன்னு ஞாபகம் இருக்கா பாய்?"

"அண்ணன் உனக்குக் குடுக்குற சிக்னல். அரைக்கட்டை இறக்கு."

"அன்னிக்கு அண்ணன் தட்டினாரு. எனக்குக் கேட்டுச்சு. நான் இறக்கல."

அவர் என்னையே பார்த்தார். "ஏன்?"

"கேசட்டுக்கு என்னை விட்டுட்டுப் போறாருன்னு கோவம். தொண்டை சரியில்லாத மனுஷனை அஞ்சு கட்டையில பாட விட்டேன். அதான் கிழிஞ்சுது. பால்ல ஒண்ணும் இல்ல. மாட்டிக்கிட்டேன்னு பயந்து அந்தச் செந்தூரத்தைச் சொன்னதும் நான்தான்."

அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாயிருக்கும். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தார். "அப்ப பொட்டலம்?" என்று கேட்டார்.

"அதிமதுரம்தான் பாய். நீங்க கேட்டதைத்தான் குடுத்திருக்காங்க."

பாப்கார்ன் கடைக்காரர்கூட எங்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தனக்கே சொல்லிக்கொள்வது போல, "அப்ப அண்ணன் சாவுக்கு நான் வந்திருக்கலாமேப்பா" என்றார்.

நானும் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு அண்ணன் வீட்டுக்கு எடமலைப்பட்டி புதூர் ஸ்டாப் வரைக்கும் வந்தேன் மூர்த்தி. எதிர்த்தாப்புல டீக்கடை ஓரமா நின்னேன். நீங்கல்லாம் தூக்கிட்டுப் போறதைப் பாத்தேன். என் கையால குரல் போன மனுஷன் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு அப்படியே பஸ் ஏறிட்டேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொன்னார் என்று எழுதினால் நானும் துறையூருக்கு ரயில் விட்டவன் ஆவேன். எழுந்து, "அண்ணி தனியா உக்காந்திருப்பாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எனக்கு முன்னால் உள்ளே போனார். என் இடத்தில், அண்ணியின் பக்கத்தில், உட்கார்ந்துகொண்டார். நான் ஓரத்துக்குப் போனேன்.

அண்ணியின் போன்

அண்ணிக்கு அன்று எதுவும் தெரியாது. அடுத்த வாரம் எடமலைப்பட்டி புதூர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர், நான் முடித்ததும் எழுந்து உள்ளே போய்விட்டார். வெளியே வரவில்லை. மூன்று நாள் என் போனை எடுக்கவில்லை.

நாலாம் நாள் அவரே கூப்பிட்டார். "இதை எழுதப்போறீங்களா?"

"நீங்க சரின்னா எழுதறேன் அண்ணி."

"எழுதுங்க. காஜா தம்பி மேல ஒரு தப்பும் இல்லன்னு பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க. உங்களைப் பத்தி நான் இப்ப ஒண்ணும் சொல்றதா இல்ல." வைத்துவிட்டார்.

பெரிய எழுத்தில் போடுவது ஆசிரியர் கையில் இருக்கிறது. என் கையெழுத்துப் பிரதியில் நான் பெரிதாகவே எழுதியிருக்கிறேன். காஜா பாய் கொடுத்த பாலில் அதிமதுரம்தான் இருந்தது.

கடைசிக் காட்சி

இனி படத்துக்கு வருகிறேன். பிற்பாதி முழுக்க எனக்குத் திரையில் பாதி கண், பக்கத்து நாற்காலியில் பாதி கண். காஜா பாய் அசையவில்லை. எந்த நிமிடமும் அண்ணியிடம் குனிந்து சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டுவைத்தார் போலிருக்கிறது.

அண்ணன் நிஜத்தில் இறந்தது வீட்டில், ஒரு முற்பகலில், ரேடியோ கேட்டுக்கொண்டே நாற்காலியில். படத்தில் ஆஸ்பத்திரி. வெளியே கொட்டுகிற மழை. என் வேடக்காரப் பையன் தலைமாட்டில் நின்று உத்தமனாக அழுகிறான், என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. அண்ணனுக்கு மூச்சு இழுக்கிறது.

கதவு திறக்கிறது. கையில் சூட்கேஸோடு, விமான நிலையத்திலிருந்து நேராக, தொப்பலாக நனைந்து தபேலாக்காரர் வந்து நிற்கிறார். இரும்புக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணனுக்குப் பிடித்த பாட்டுக்கு அந்தக் கட்டில் சட்டத்தில் விரலால் வாசிக்கத் தொடங்குகிறார். அண்ணனின் உதடு அசைகிறது. தியேட்டரில் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

அண்ணி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். காஜா பாயின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் தானாக ஓடின. திரையில் வாசித்தது ஒன்று, இவர் விரலில் ஓடியது வேறு. இவருடையதுதான் சரி, எனக்குத் தெரியும். எத்தனையோ மேடையில் கேட்ட கை அது.

"தப்பா வாசிக்கிறான்" என்றார் அண்ணியிடம். குரல் உடைந்திருந்தது.

அண்ணி தலையை ஆட்டினார். காஜா பாயின் விரல்கள் நிற்கவில்லை. கண்ணும் திரையை விட்டு நகரவில்லை.

"தப்பாத்தான் வாசிக்கிறான்" என்றார் மறுபடியும். "ஆனா வந்துட்டான் பாருங்க அண்ணி."